நிறுத்தினால் எந்தச் செலவு நிற்கும்?



மூன்று வாரமாக இந்தப் பக்கம் எதுவும் எழுதவில்லை. "சாருக்கு உடம்பு சுகமில்லையா?" என்று இரண்டு பேர் போன் போட்டே கேட்டுவிட்டீர்கள். உடம்புக்கு ஒன்றுமில்லை. ஒரு கணக்கில் மாட்டிக்கொண்டேன். ஓய்வு பெற்று ஒன்பது வருடம் ஆன வணிகவியல் வாத்தியாரைத் தேடிக்கொண்டு கணக்கு வீட்டுக்கே வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

பதிவு கொஞ்சம் நீளம். காபி போட்டு வைத்துக்கொண்டு படியுங்கள். சொந்தமாகத் தொழில் செய்கிற மாணவர்கள் கட்டாயம் கடைசி வரை படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

என் தங்கை மகன் கோவை கணபதி பக்கம் சின்னதாக ஒரு பம்ப் கம்பெனி நடத்துகிறான். வீடுகளுக்குப் போடுகிற அரை எச்.பி. மோனோபிளாக் பம்ப். அவன் அப்பா ஆரம்பித்தது. பன்னிரண்டு பேர் வேலை செய்கிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கையில் ஒரு தாளோடு வந்தான்.

"மாமா, லேத் செக்‌ஷனை மூடிடலாம்னு இருக்கேனுங்க. நீங்க ஒருக்கா பார்த்துச் சொல்லிட்டீங்கன்னா திருப்தியா இருக்கும்."

தாளில் ஒரு ஷாஃப்டுக்கு ஆகும் அடக்கவிலை இருந்தது. ஆடிட்டர் ஆபீசில் போட்டுக் கொடுத்தது.

மூலப்பொருள்: 90 ரூபாய்
கூலி: 40 ரூபாய்
கரண்ட், டூல்: 20 ரூபாய்
ஷெட் வாடகை, சூப்பர்வைசர் சம்பளம், எந்திரத் தேய்மானம் ஆகியவற்றில் பங்கு: 50 ரூபாய்
மொத்தம்: 200 ரூபாய்

"வெளிய ஜாப் ஒர்க் பண்றவரு மெட்டீரியலோட சேர்த்து 175-க்குத் தர்றேங்கறாரு. நமக்கு 200 ஆகுது. மாசம் ஆயிரம் ஷாஃப்ட். அப்ப மாசம் 25,000 மிச்சமுங்க மாமா."

அந்தத் தாளைக் கையில் வாங்கியதும் எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. இதே குடும்பத்தில் இதே மாதிரி ஒரு தாளை 1998-இலும் பார்த்தவன் நான். அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் கணக்கு.

வகுப்பில் 'மேக் ஆர் பை' என்று ஒரு கணக்கு வரும், நினைவிருக்கிறதா? தயாரிப்பதா, வாங்குவதா? விடையின் கடைசி வரியை ஸ்கேல் வைத்து இரண்டு கோடு போடுவீர்கள். அந்தக் கணக்கின் உயிர் ஒரே ஒரு கேள்வியில் இருக்கிறது. நிறுத்தினால் எந்தச் செலவு நிஜமாகவே நிற்கும்?

அவனிடம் ஒவ்வொன்றாகக் கேட்டேன். லேத் செக்‌ஷனை மூடினால் மூலப்பொருள் வாங்க வேண்டாம். 90 நின்றுவிடும். கரண்டும் டூலும் 20. அதுவும் நின்றுவிடும். ஷெட் வாடகை? "ஷெட்டு மொத்தமா ஒரே வாடகைதானுங்க. அது குறையாது." சூப்பர்வைசர்? "அவரு அசெம்பிளியும் பார்க்கறாரு. இருப்பாரு." தேய்மானம்? அது என்றோ கொடுத்த பணத்தை வருடவாரியாக எழுதுவது. மூடினாலும் மூடாவிட்டாலும் கொடுத்தது கொடுத்ததுதான். பழைய லேத்தை விற்றால் வரக்கூடிய தொகை கணக்கில் வரும். வாங்கிய விலை வராது.

ஆக அந்த 50 ரூபாய் எங்கேயும் போகாது. ஷாஃப்டின் தலையில் எழுதியிருந்ததை இனி பம்பின் தலையில் எழுதுவார்கள், அவ்வளவுதான். நிற்கிற செலவு 150. வெளியே கொடுக்க வேண்டியது 175. மிச்சம் என்று அவன் சொன்ன 25,000 உண்மையில் மாதம் 25,000 நட்டம்.

கூலி 40 இருக்கிறதே, அதைப் பார்ப்போம். புத்தகத்தில் கூலி என்றால் மாறும் செலவு. உற்பத்தி நின்றால் கூலியும் நின்றுவிடும். அவன் லேத்தில் இருப்பது இரண்டு பேர். ஆளுக்கு மாதம் 20,000 சம்பளம். ஆயிரம் ஷாஃப்டால் வகுத்ததால் 40 என்று வந்தது. எண்ணூறு ஷாஃப்ட் ஓடினாலும் அதே சம்பளம்தான்.

"மூடினா அவங்க ரெண்டு பேரையும் என்ன பண்ணுவே?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. "பெரியவரு அப்பா காலத்துல இருந்து இருக்காருங்க. அவரை எப்படிங்க போகச் சொல்றது? அசெம்பிளில உக்கார வெச்சுக்குவேன்."

அசெம்பிளியில் ஏற்கெனவே ஆள் போதும். அப்படியானால் அந்த 40,000 சம்பளமும் நிற்காது. நிற்பது 110, கொடுப்பது 175. நட்டம் மாதம் 65,000. இரண்டு பேரையும் வீட்டுக்கு அனுப்பினால்தான் நட்டம் 25,000 ஆகக் குறையும். இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்த ஒருவரை அனுப்பியும் நட்டம். எதற்காக?

அவனும் லேசுப்பட்டவன் இல்லை. "மாமா, லேத்து இருக்கற இடத்துல இன்னொரு அசெம்பிளி டேபிள் போட்டா மாசம் நூறு பம்ப் கூடப் போகும். பம்புக்கு 400 நிக்குமுங்க."

நல்ல கேள்வி. வகுப்பில் கேட்டிருந்தால் தட்டிக் கொடுத்திருப்பேன். இடத்துக்கு வேறு உபயோகம் இருந்தால், அந்த உபயோகத்தை விட்டுக்கொடுப்பதும் ஒரு செலவுதான். எந்த வவுச்சரிலும் அது வராது. 175 ரூபாய் ஷாஃப்டைப் போட்டே பம்புக்கு 400 நிற்கிறது என்றால் நூறு பம்புக்கு 40,000. ஆட்களை அனுப்பினால் வரும் 25,000 நட்டத்தைக் கழித்தாலும் மாதம் 15,000 லாபம். விடை தலைகீழாக மாறிவிட்டது, பார்த்தீர்களா?

"நூறு பம்புக்கு ஆர்டர் இருக்கா?"

"சீசன்ல இருக்குங்க மாமா. மார்ச்சுல இருந்து ஜூன் வரைக்கும்."

நான்கு மாதம். நான்கு மாதத்துக்கு 40,000 வீதம் 1,60,000 வரவு. பன்னிரண்டு மாதத்துக்கு 25,000 வீதம் 3,00,000 நட்டம். வருடத்துக்கு 1,40,000 கையை விட்டுப் போகும். கணக்கு மறுபடியும் திரும்பிவிட்டது. மாதக் கணக்கில் சரியாகத் தெரிவது வருடக் கணக்கில் தப்பாக இருக்கலாம்.

இதிலிருந்து அவனுக்கே ஒரு யோசனை வந்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

இனி இரண்டாவது கேள்வி. நமக்கு எது குறைவு?

2012-ஐக் கோவைக்காரர்கள் மறக்க மாட்டீர்கள். ஒரு மணி நேரம் கரண்ட் வரும், ஒரு மணி நேரம் போகும். சில நாள் அதுவும் இல்லை. குறுந்தொழில் செய்தவர்கள் வட்டி கட்ட முடியாமல் தவித்த காலம். அப்போது என் பழைய மாணவி ஒருத்தி, கணவரோடு சேர்ந்து பிளாஸ்டிக் மோல்டிங் எந்திரம் ஒன்று வைத்திருந்தாள். இரண்டு பொருள் செய்தார்கள். ஒன்று டப்பா, ஒன்று மூடி. டப்பாவுக்கு நாற்பது ரூபாய் விலை, மாறும் செலவு போக 12 ரூபாய் நிற்கும். மூடிக்குப் பன்னிரண்டு ரூபாய் விலை, 5 ரூபாய் நிற்கும். விலையிலிருந்து மாறும் செலவைக் கழித்தால் நிற்கிற இதைத்தான் வகுப்பில் 'கான்ட்ரிபியூஷன்' என்று சொன்னோம். தமிழ்வழியில் படித்தவர்களுக்குப் 'பங்களிப்பு'.

"சார், கரண்டு பத்தலை. டப்பாவுலதான் லாபம் அதிகம். அதனால டப்பாவை முதல்ல ஓட்டிட்டு, மிச்ச நேரத்துல மூடி ஓட்டறோம்" என்றாள்.

"ஒரு மணி நேரத்துல எத்தனை டப்பா விழும்?"

"முப்பது."

"மூடி?"

"நூத்தி இருபது சார்."

சொல்லி முடிக்கும்போதே அவளுக்குப் புரிந்துவிட்டது. மணிக்கு 30 டப்பா, ஆளுக்கு 12 என்றால் 360 ரூபாய். மணிக்கு 120 மூடி, ஆளுக்கு 5 என்றால் 600 ரூபாய். அவளிடம் டப்பாவுக்கும் பஞ்சமில்லை, மூடிக்கும் பஞ்சமில்லை. பஞ்சம் கரண்டுக்கு. பஞ்சம் எதற்கோ அதை வைத்துத்தான் லாபத்தை அளக்க வேண்டும். ஒரு டப்பாவுக்கு எவ்வளவு என்று கேட்கக் கூடாது. ஒரு மணி கரண்டுக்கு எவ்வளவு என்று கேட்க வேண்டும்.

மாதம் கரண்ட் இருந்த நேரம் கூட அப்படியே எந்திர நேரம் ஆகாது. கரண்ட் போனால் பேரல் ஆறிவிடும். திரும்பி வந்ததும் அது சூடேறும் வரை எந்திரம் சும்மா நிற்கும். அதையெல்லாம் கழித்துப் பார்த்தபோது நிஜமாக ஓடியது மாதம் 150 மணி நேரம். ஆர்டரோ 3,000 டப்பா, 12,000 மூடி. இரண்டுக்கும் நூறு நூறு மணி நேரம் வேண்டும். ஐம்பது மணி நேரம் துண்டு விழுகிறது.

டப்பாவை முதலில் ஓட்டினால்: 100 மணிக்கு 36,000. மீதி 50 மணிக்கு மூடி, 30,000. ஆக 66,000.

மூடியை முதலில் ஓட்டினால்: 100 மணிக்கு 60,000. மீதி 50 மணிக்கு டப்பா, 18,000. ஆக 78,000.

அதே எந்திரம், அதே ஆள், அதே கரண்ட். வரிசையை மாற்றியதற்கு மாதம் 12,000.

மீதி 1,500 டப்பாவுக்கு என்ன செய்வது? ஆர்டரை விட்டால் வாடிக்கையாளர் போய்விடுவார். பாலக்காடு பக்கம் அப்போது நம் அளவுக்கு மின்வெட்டு இல்லை. அங்கே ஒருவர் டப்பாவை 34 ரூபாய்க்கும் மூடியை 10 ரூபாய்க்கும் செய்து தருவதாகச் சொன்னார். எதை வெளியே கொடுப்பது? டப்பாவை நாமே செய்தால் 28 ஆகிறது. வாங்கினால் ஒன்றுக்கு 6 ரூபாய் கூடுதல். மூடியை நாமே செய்தால் 7. வாங்கினால் 3 ரூபாய்தான் கூடுதல். "அப்ப மூடியை வாங்கலாமா சார்?" என்றாள். மறுபடியும் அதே பொறி! ஒரு மணி நேரக் கரண்டை மிச்சப்படுத்த டப்பாவில் 30 தடவை 6 ரூபாய், அதாவது 180 கொடுக்கிறோம். மூடியில் 120 தடவை 3 ரூபாய், அதாவது 360. டப்பாவைத்தான் வெளியே கொடுக்க வேண்டும். 1,500 டப்பாவை 34-க்கு வாங்கி 40-க்குக் கொடுத்தாள். இன்னொரு 9,000 வந்தது. 66,000 எங்கே, 87,000 எங்கே? அந்த வித்தியாசத்தில்தான் அந்த வருடம் பேங்க் தவணையைக் கட்டினோம் என்று பின்னால் சொன்னாள்.

இது நம் ஊர் மின்வெட்டுக்கு மட்டும் வந்த கேள்வி இல்லை. லெனின்கிராடில் ஒரு பிளைவுட் நிறுவனத்துக்காரர்கள், எந்த எந்திரத்தில் எந்த மரத்தைப் போட்டால் அதிகம் உற்பத்தியாகும் என்று கேட்டுக் கான்டரோவிச் என்ற கணித மேதையிடம் போனார்கள். அதற்கு அவர் கண்ட வழியை 1939-இல் சிறு நூலாக வெளியிட்டார். அந்தப் பாதையில் வந்ததற்கு 1975-இல் அவருக்குப் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது. நம் மாணவி ஒரே ஒரு குறைவோடு போராடினாள்; வரிசைப்படுத்தினால் போதும். கரண்டும் குறைவு, ஆளும் குறைவு, மூலப்பொருளும் குறைவு என்று இரண்டு மூன்று சேர்ந்து வந்தால் இந்த எளிய வரிசை பலிக்காது. அங்கேதான் லீனியர் புரோகிராமிங் வருகிறது. இன்று கம்ப்யூட்டரில் எக்செல் இருந்தால் அதிலேயே போட்டுவிடலாம். ஆனால் நம்முடைய குறைவு எது என்று கம்ப்யூட்டர் சொல்லாது. அது கடையில் நிற்கிறவருக்குத்தான் தெரியும்.

இனி 1998-க்கு வருகிறேன். இதை இதுவரை எங்கேயும் எழுதியதில்லை.

அப்போது என் தங்கை வீட்டு மாப்பிள்ளை, பம்புக்கு வேண்டிய காஸ்டிங்கையும் தானே ஊற்றிக்கொண்டிருந்தார். பின்னால் ஒரு சின்னக் குபோலா உலை. நான்கு மோல்டர்கள். மாதம் 4,000 கிலோ. நான் அப்போது கல்லூரியில் மேலாண்மைக் கணக்கியல் நடத்துகிறேன். கேட்க வேண்டுமா? தாளும் பேனாவும் எடுத்து உட்கார்ந்தேன். வாடகை, தேய்மானம் எல்லாவற்றையும் முறைப்படி தள்ளிவிட்டேன். நிற்கக்கூடிய செலவு கிலோவுக்கு 31 ரூபாய். அதில் 7 ரூபாய் கூலி. வெளியே ஒரு பவுண்டரியில் 28-க்குத் தருவதாகச் சொன்னார்கள். கிலோவுக்கு 3 ரூபாய் வீதம் மாதம் 12,000 மிச்சம். "மூடிடலாம் மாப்ளே. கணக்கு தெளிவா இருக்கு" என்றேன்.

கணக்கு தெளிவாகத்தான் இருந்தது. பரீட்சையில் எழுதியிருந்தால் முழு மதிப்பெண். மாப்பிள்ளை உலையைப் பிரித்துப் பழைய இரும்புக்குப் போட்டார். நான்கு பேருக்கும் தீபாவளி வரை சம்பளம் கொடுத்து அனுப்பினார். அதில் வயதான மோல்டர் ஒருவர் என் வீடு தேடி வந்தார். சண்டை போட வரவில்லை. திண்ணையில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, "வாத்தியாரே கணக்குப் போட்டுச் சொன்னா சரியாத்தானுங்க இருக்கும். எங்கேயாவது வேலை இருந்தாச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். மணலில் கை வைத்தால் அச்சு நிற்கும் என்று பெயர் எடுத்தவர். கடைசியில் ஒரு மில் வாசலில் வாட்ச்மேன் ஆனார்.

இரண்டாவது வருடம் அந்த பவுண்டரி விலையை 37 ஆக்கியது. பிக் அயர்ன், கோக் விலையெல்லாம் ஏறியிருந்தது உண்மைதான். நாமே ஊற்றியிருந்தாலும் 33 வந்திருக்கும். கிலோவுக்கு 4 ரூபாய் வீதம் மாதம் 16,000 போனது. திரும்ப உலை வைக்கலாம் என்றால் உலை இல்லை, ஆட்கள் இல்லை, கையில் அந்த அளவு பணமும் இல்லை. "மூடிட்டாங்கன்னு தெரிஞ்சுதான் ஏத்தறாங்க மச்சான்" என்றார் மாப்பிள்ளை. என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கூட ஆறியிருக்கும்.

அந்த வருடத்திலிருந்து என் வகுப்பில் மூன்றாவதாக ஒரு கேள்வியைச் சேர்த்தேன். 1999-க்குப் பிறகு என்னிடம் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். நாளை மனம் மாறினால் திரும்பி வர வழி இருக்கிறதா?

பாடப்புத்தகக் கணக்கில் வெளியார் விலை ஒரு எண். அது மாறாது, சரக்கு தாமதமாகாது, தரம் குறையாது. நிஜத்தில் அந்த எண்ணுக்குப் பின்னால் ஒரு மனிதர் இருக்கிறார். நமக்கு வேறு வழி இருக்கிற வரை ஒரு விலை, வழி போன பிறகு ஒரு விலை. ரொனால்ட் கோஸ் என்ற பொருளாதார அறிஞர் 1937-இலேயே இதற்குப் பக்கத்தில் ஒரு கேள்வி கேட்டார். சந்தையில் எல்லாம் கிடைக்கும்போது கம்பெனி என்று ஒன்று எதற்கு? சந்தையில் வாங்குவதற்கும் ஒரு செலவு உண்டு என்பதால்தான் என்றார். ஆள் தேட வேண்டும், பேரம் பேச வேண்டும், ஒப்பந்தம் போட வேண்டும், அதை மீறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்தச் செலவுக்கு நம் அடக்கவிலைத் தாளில் ஒரு வரி கூட இல்லை.

பெரிய கம்பெனிகளும் இதில் கையைச் சுட்டுக்கொண்டவைதான். போயிங் தன் 787 விமானத்தின் பெரும் பாகங்களை வெளியாரிடம் கொடுத்துச் செய்யச் சொன்னது. பாகங்கள் சரியாக வந்து சேராமல் மூன்று வருடத்துக்கு மேல் தாமதமாகி, 2011-இல்தான் முதல் விமானத்தை ஒப்படைத்தார்கள். நடுவில் பாகம் செய்து கொடுத்த ஒரு ஆலையையே விலைக்கு வாங்க வேண்டி வந்தது.

அதற்காக எல்லாவற்றையும் நாமே செய்ய வேண்டும் என்று நான் சொல்வதாக நினைக்காதீர்கள். ஹென்றி ஃபோர்டு டயருக்கு வேண்டிய ரப்பரையும் தானே விளைவிப்பேன் என்று 1920-களின் கடைசியில் பிரேசில் காட்டில் பெரிய தோட்டம் போட்டார். நெருக்கமாக நட்ட மரங்களில் நோய் புகுந்தது. 1945-இல் பெரும் நட்டத்துக்குத் தோட்டத்தைப் பிரேசில் அரசிடம் கொடுத்துவிட்டு வந்தார்கள். ரப்பர் மரம் வளர்ப்பது ஃபோர்டுக்குத் தெரிந்த வேலை இல்லை. தெரியாத வேலையை நாமே செய்வதும் நட்டம்தான்.

ஆகவே என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். என் மருமகன் செய்யவிருந்த தவறு, கணக்கே போடாமல் மொத்த அடக்கவிலையை வெளி விலையோடு ஒப்பிட்டது. 1998-இல் நான் செய்த தவறு, கணக்கை மட்டும் போட்டது. முதல் தவறைச் செய்கிறவர்கள் ஊரெல்லாம் இருக்கிறார்கள். இரண்டாவது தவறைச் செய்கிறவர்கள் என்னைப் போல் படித்தவர்கள். படித்தவன் செய்வதுதான் ஆபத்து, ஏனென்றால் அதை யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். வாத்தியார் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

வணிகவியல் நடத்திக்கொண்டிருக்கும் என் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்தப் பாடத்தைப் பத்து மதிப்பெண் கணக்காக மட்டும் முடித்துவிடாதீர்கள். 'கூலி: மாறும் செலவு' என்று கரும்பலகையில் எழுதும்போது, அது யாருடைய கூலி, எப்படி மாறும் என்று ஒரு நிமிடம் கேளுங்கள். அந்த ஒரு நிமிடம் நான் பல வருடம் கேட்கவில்லை.

இந்தப் பதிவை எழுதிக்கொண்டிருக்கும்போது வீட்டு அம்மா பின்னால் நின்று படித்துவிட்டு, "ஊருக்கெல்லாம் சொல்றீங்க. நம்ம வீட்டுக் கணக்கை எப்ப போடுவீங்க?" என்றாள். தோசை மாவு விஷயம். பாக்கெட் மாவு வாங்கலாம் என்று அவள் ஒரு வருடமாகச் சொல்கிறாள். அரிசி, உளுந்து, கரண்ட் எல்லாம் கூட்டினால் வீட்டில் ஆட்டுவதுதான் மலிவு என்று நான் ஒரு வருடமாகச் சொல்கிறேன். "உங்க தாளுல என் முதுகு வலிக்கு எத்தனை ரூபா போட்டிருக்கீங்க?" என்று கேட்டாள். பூஜ்யம்தான் போட்டிருந்தேன். கிரைண்டர் கல்லைத் தூக்கிக் கழுவுகிறவள் அவள். பேனாவைத் தூக்கிக் கணக்கு எழுதுகிறவன் நான். சம்பளம் இல்லாத வேலைக்குச் செலவு இல்லை என்று எழுதிவிடுவது எவ்வளவு வசதி! இந்த வீட்டில் குறைவாக இருப்பது பணமா, அவளுடைய தெம்பா? நாங்கள் இரண்டு பேர்தான். வாரத்துக்கு இரண்டு பாக்கெட். இந்த வாரத்திலிருந்து வாங்குகிறோம். விசேஷ நாளுக்கு மட்டும் வீட்டில் ஆட்டுவது, கல்லைக் கழுவுவது நான் என்று ஒப்பந்தம்.

அட, தங்கை மகன் என்ன செய்தான் என்று சொல்லவில்லையே. லேத் செக்‌ஷனை மூடவில்லை. பக்கத்து ஷெட்டில் பாதி இடத்தை மார்ச் முதல் ஜூன் வரை நான்கு மாதத்துக்கு மட்டும் 12,000 வாடகைக்குப் பேசியிருக்கிறான். அசெம்பிளி டேபிள் அங்கே. அந்த நூறு பம்புக்கு வேண்டிய ஷாஃப்டை மட்டும் வெளியில் 175-க்கு வாங்கிக்கொள்வான். 40,000-இல் வாடகை போக மாதம் 28,000 நிற்கும். லேத் ஓடும், பெரியவரும் இருப்பார், வெளியாருக்கும் ஒரு சின்ன ஆர்டர், நாளைக்கு வேண்டுமென்றால் கூட்டிக்கொள்ளவும் குறைத்துக்கொள்ளவும் வழி இருக்கிறது. இதை நான் சொல்லிக் கொடுக்கவில்லை. அவனே கண்டுபிடித்தான்.

போகும்போது, "அப்பா இருந்திருந்தா சந்தோஷப்பட்டிருப்பாருங்க மாமா" என்றான். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. மாப்பிள்ளை போய் ஆறு வருடம் ஆகிறது.

பிள்ளைகளே, தொழிலில் எதையாவது மூட, எதையாவது வெளியே கொடுக்க நினைக்கிறீர்களா? கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு வெள்ளைத்தாள் எடுத்து இந்த மூன்றையும் எழுதிப் பாருங்கள். நிறுத்தினால் எந்தச் செலவு நிஜமாகவே நிற்கும்? நமக்கு எது குறைவு, அதில் ஒரு அலகுக்கு என்ன கிடைக்கிறது? நாளை திரும்பி வர வழி இருக்கிறதா?

எழுதியும் குழப்பமாக இருந்தால் தாளோடு வீட்டுக்கு வாருங்கள். காபி உண்டு. தோசையும் உண்டு, பாக்கெட் மாவுதான்.

அன்புடன்,
உங்கள் பழைய கணக்கு வாத்தியார்